தொழில் தெரிந்த நாவல்கள்: ஓராண்டு வாசிப்பிலிருந்து ஒன்பது

ஓராண்டில் படித்த தமிழ் நாவல்களில் மறுபடி கையிலெடுக்கத் தோன்றியவற்றைத் தனியே அடுக்கினால், எல்லாவற்றிலும் ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மீன் பிடிக்கிறார்கள், உப்பு வாருகிறார்கள், பனை ஏறுகிறார்கள், வட்டிக்கடையில் கணக்கு எழுதுகிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள். எத்தனையோ நாவல்களில் நாயகன் காலையில் வேலைக்குப் போவான், மாலையில் திரும்புவான். இடையில் அவன் என்ன செய்தான் என்பது எழுதியவருக்கே தெரியாது. இங்கே பரிந்துரைக்கும் ஒன்பதும் அப்படியில்லை. காற்று திசை மாறுவதும், பாத்தியில் மழை விழுவதும், நடிகை படப்பிடிப்புக்கு வராமல் போவதும்தான் இவற்றில் கதையைத் திருப்புகின்றன. தொழிலின் நெளிவுசுளிவு தெரிந்தவர் எழுதும்போது காதலும் சாவும்கூட நம்பும்படி வருகின்றன. இந்த வகையில் தமிழில் இவ்வளவு நல்ல எழுத்து இருக்கிறது என்பதைப் பலரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும் ஒரு யோசனையை முதலில் சொல்லிவிடலாம். மறுபதிப்பாக வரும் பழைய நாவல்களில் முன்னுரை நீளமாக இருக்கும். பல முன்னுரைகள் முடிவு வரை சொல்லிவிடும். பின்னட்டையும் அப்படித்தான். நேராக முதல் அத்தியாயத்துக்குப் போய்விட்டு, முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். அப்போதுதான் அது பயன்படும்.

ஆரம்பிக்க ஏற்றது சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. 1959இல் வந்தது. நூறு பக்கம்கூட இல்லை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே ஒரு பிற்பகலில் நடக்கும் ஜல்லிக்கட்டுக் கதை. தன் அப்பனைக் குத்திக் கொன்ற காரி என்ற காளையை அணைய வந்திருக்கும் பிச்சி, கூட வந்த மச்சான் மருதன், கூட்டத்தில் பழகிவிடும் ஒரு கிழவர், மேடையில் ஜமீன்தார். ஆட்கள் அவ்வளவுதான். மாடு வாடிவாசலைத் தாண்டும் கணத்தில் எந்தப் பக்கம் கொம்பை வீசும், திமிலை எந்தக் கையால் பிடிப்பது, கால்களை எங்கே வைத்துக்கொண்டால் தொடை கிழியாமல் தப்பலாம் என்பதையெல்லாம் செல்லப்பா நிதானமாகச் சொல்கிறார். சாதி, மானம், ஜமீனின் அதிகாரம் எல்லாம் அந்தப் பிடியின் விவரங்களுக்குள்ளேயே இருக்கின்றன. தனியாக ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. மதுரைப் பக்கத்துப் பேச்சு என்பதால் மற்ற மாவட்டக்காரர்களுக்கும் பெரிய தடங்கல் இருக்காது. நடுவில் மூடி வைத்துவிடாதீர்கள். ஒரே மூச்சில் படித்தால்தான் கூட்டத்தின் நெருக்கம் உடம்பில் ஏறும்.

கடலைப் பற்றிய இரண்டு நாவல்களை அடுத்தடுத்துப் படிக்கலாம். முதலில் சிறியது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வெளியானது. மணப்பாட்டுப் பரதவர் குடும்பம் ஒன்று. குரூஸ் மிக்கேலுக்கு வல்லத்தையும் வீட்டையும் விட்டுக்கொடுக்க மனமில்லை. வாத்தியார் வேலை பார்க்கும் மகன் செபஸ்தி அவற்றை விற்றுக் காசாக்கச் சொல்கிறான். மகள் பிலோமியின் காதல் இன்னொரு பக்கம் நடக்கிறது. இதற்கெல்லாம் பின்னால் லாஞ்சிக்காரர்களுக்கும் வல்லக்காரர்களுக்கும் சண்டை மூண்டுகொண்டிருக்கிறது. இந்தச் சண்டை புரிய ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வல்லம் காற்றையும் ஆள்பலத்தையும் நம்பிக் கரைக்குப் பக்கத்தில் தொழில் செய்வது. லாஞ்சி என்னும் விசைப்படகு மடி வலையை அடிமட்டம் வரை இழுத்துக்கொண்டு ஓடும். போகிற வழியில் கிடக்கும் வல்லக்காரர் வலைகளும் அறுபடும், குஞ்சு மீனும் அள்ளப்படும். இதை வண்ணநிலவன் எங்கும் பாடமாகச் சொல்வதில்லை. தெரிந்துகொண்டு படித்தால் குரூஸ் மிக்கேலின் பிடிவாதம் வெறும் கிழட்டுப் பிடிவாதமாகத் தெரியாது. நடை மிக மென்மையானது. தப்பு செய்தவர்கள் மேல்கூட ஆசிரியருக்குக் கோபம் வருவதில்லை. ஆரம்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று கொஞ்சம் குழம்பும். முதல் மூன்று அத்தியாயங்களைப் பொறுமையாகப் படித்தால் தானே தெளிந்துவிடும்.

இதே பரதவர் கடற்கரையில் விரியும் பெரிய நாவல் ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’. 2004இல் வந்தது. ஐந்நூறு பக்கத்துக்கு மேல். ஆமந்துறை என்ற ஊர், மூன்று தலைமுறை. ஒரு பக்கம், உடைந்த கட்டுமரத்தைப் பற்றிக்கொண்டு நடுக்கடலில் மிதக்கும் மூன்று பேர். இன்னொரு பக்கம், 1930களில் தொடங்கி முன்னேறும் ஊரின் வரலாறு. இரண்டும் மாறிமாறி வரும். இந்த நாவலைப் பாதியில் விட்டுவிடும் வாசகர்கள் உண்டு. காரணம் இரண்டு. ஒன்று, பெயர்கள்: தாத்தா பெயரே பேரனுக்கும் வரும், போதாதற்குப் பட்டப்பெயர் வேறு. மற்றது, கடற்சொற்கள்.

பெயர்களுக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். குடும்பத்துக்கு ஒரு பத்தி என்று பிரித்து, ஒருவர் பெயர் இரண்டாவது முறை வரும்போது எழுதிக்கொள்ளுங்கள். முதல் தடவையே எழுத ஆரம்பித்தால் ஒரே ஒரு பக்கத்தில் வந்துபோகும் ஆட்களாலேயே தாள் நிரம்பிவிடும். கோத்ராப்பிள்ளை, தொம்மந்திரை, சூசை, சிலுவை, காகு சாமியார் ஆகிய ஐந்து பேரையும் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் அவர்களைச் சுற்றித் தாமாகவே வந்து அமைவார்கள். சொற்களுக்குச் சொல்விளக்கம் சேர்த்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். அதைப் புரட்டுவதற்கு முன்பு காற்றின் பெயர்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். நீவாடு என்றால் நீரோட்டம். பாயை எப்போது விரிப்பது, வலையை எந்தப் பக்கம் விடுவது, எந்த நேரத்தில் கரைக்குத் திரும்புவது என்பதைக் காற்றும் நீவாடும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. அவை ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பும்போது நாவலில் யாருக்கோ கேடு வரப்போகிறது என்று ஊகித்துவிடலாம்.

கட்டுமரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரத்துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் பிணைத்தது அது. உள்ளே தண்ணீர் புகுந்து முழுகும் பேச்சே இல்லை. அலை அடித்துக் கட்டு அவிழ்ந்தால்தான் ஆபத்து. அப்போதும் ஒவ்வொரு மரமும் தனியாக மிதக்கும். அதனால்தான் இந்த நாவலின் மூன்று பேரும் உடனே சாவதில்லை. நாட்கணக்கில் மிதக்கிறார்கள், பேசுகிறார்கள், ஒருவருக்காக ஒருவர் முடிவெடுக்கிறார்கள். கடல் தரும் அந்த நீண்ட அவகாசத்தில்தான் முழு நாவலும் கட்டப்பட்டிருக்கிறது. தமிழில் தியாகத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதற்குப் பக்கத்தில் வைக்கத்தக்கவை மிகக் குறைவு. குறையும் உண்டு. நடுப்பகுதியில் ஊர்ப்பகை, கொலை, கள்ள உறவு என்று நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிகின்றன. சிலவற்றுக்கு மூச்சுவிட இடம் இல்லை. அந்த இடங்களில் வேகமாகப் போனாலும் இழப்பில்லை. நடுக்கடல் அத்தியாயங்களில் மட்டும் ஒரு வரியையும் தாண்டாதீர்கள்.

கடலை விட்டுக் கரைக்கு வந்தால் உப்பளம். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ 1979இல் வந்தது. களம் தூத்துக்குடி. சம்பல் கொள்ளையரைப் பற்றி எழுதுவதற்காக அந்தப் பகுதிக்கே போய்வந்தவர் ராஜம் கிருஷ்ணன். எடுத்துக்கொண்ட வாழ்க்கையை நேரில் பார்க்காமல் எழுத மாட்டார். இந்த நாவலிலும் அந்த உழைப்பு தெரிகிறது. பொன்னாச்சியும் தம்பி பச்சையும் அளத்துக்கு வேலைக்கு வருவதிலிருந்து தொடங்குகிறது. உப்பு விளையும் முறை கொஞ்சம் தெரிந்தால் இவர்கள் படும் பாடு நன்றாகப் பிடிபடும். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் மூன்று டிகிரிக்குப் பக்கம் இருக்கும். அதைத் தெப்பங்களில் தேக்கி வெயிலில் சுண்டவிட்டு, 25 டிகிரியை எட்டும் நேரத்தில் பாத்திக்குத் திறந்துவிடுவார்கள். உப்பு படிந்ததும் மிஞ்சும் நீரை வடிக்க வேண்டும். வடிக்காமல் விட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து சரக்கு கசக்கும். பாத்தியை முதலில் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவது, படிந்த உப்பை வாருபலகையால் இழுத்துச் சேர்ப்பது, பெட்டியில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவது எல்லாம் மனித உடம்பால் நடப்பவை. வெள்ளைத் தரையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை அறுக்கும்; கால் வெடிப்பில் உப்பு ஏறினால் புண் ஆறாது. அக்டோபரில் மழை பிடித்தால் விளைச்சல் நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். அந்த மாதங்களில் வாங்கும் கடன்தான் அடுத்த ஆண்டும் அவர்களை அதே அளத்தில் கட்டிப்போடுகிறது. பெண்களுக்கு இதற்கு மேலும் மேலாளின் தொல்லை. முதல் பாதி மிக வலுவானது. பிற்பாதியில் சங்கம், போராட்டம் என்று வரும்போது பாத்திரங்கள் சில இடங்களில் மேடையில் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், இந்த வாழ்க்கையை இந்த அளவுக்கு உள்ளே போய்ப் பார்த்தவர்கள் அரிது. ராஜம் கிருஷ்ணனின் எழுத்துகள் 2009இல் நாட்டுடைமையாக்கப்பட்டன. ஆகவே இணையத்தில் இலவசமாகவும் முறைப்படியும் படிக்கலாம். கைபேசித் திரையில் படிப்பவர்கள் எழுத்துப்பிழைகளுக்குத் தயாராக இருங்கள். அச்சுப் பதிப்பு கிடைத்தால் அதுவே நல்லது.

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) குமரி மாவட்டத்துப் பனைவிளை. இருநூறு பக்கத்துக்குள் முடியும். சொந்த விளை வைத்திருக்கும் பழைய வீட்டுப் பெண் லிஸி, அந்த விளையில் பனையேறும் தங்கராஜ். சாதி ஒன்றுதான். ஆனாலும் நிலம் வைத்திருப்பவருக்கும் மரம் ஏறுபவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை ஹெப்சிபா குரலை உயர்த்தாமல் காட்டுகிறார். பெரியவளானதும் லிஸியின் பள்ளிக்கூடம் நின்றுபோவதும், பிறகு வருடக்கணக்கில் ஜன்னலுக்கு உள்ளே இருந்தே அவள் உலகத்தைப் பார்ப்பதும் நாவலின் உயிரான பக்கங்கள். பனையேறி நாள் தவறாமல் ஏறியாக வேண்டும். பாளையைச் சீவாவிட்டால் அக்கானி என்னும் பதநீர் வடிவது நின்றுபோகும். ஆகவே தங்கராஜ் தினமும் அந்த விளைக்கு வந்துதான் தீர வேண்டும், லிஸி தினமும் அவனைப் பார்த்துதான் தீர வேண்டும். இந்தக் காதலுக்கு வேறு தற்செயல் எதுவும் தேவைப்படவில்லை. குமரித் தமிழ் பழக்கமில்லாதவர்கள் உரையாடல்களை வாய்விட்டுப் படித்தால் எளிதில் புரியும்.

அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ சினிமாத் தொழிலைப் பற்றியது. தமிழில் சினிமாவைப் பற்றி இதைவிட நேர்மையான நாவல் எனக்குத் தெரிந்து இல்லை. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். படப்பிடிப்பு நடப்பதற்கு முன் என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். தயாரிப்பு நிர்வாகி நடராஜன் விடியுமுன் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஆட்களையும் வண்டிகளையும் திரட்டும் முதல் அத்தியாயத்தைச் சினிமாவில் சேர நினைக்கும் எவரும் படிக்க வேண்டும். வண்டி எத்தனை மணிக்கு யார் வீட்டு வாசலுக்குப் போகிறது, சாப்பாடு எங்கிருந்து வருகிறது, ஒருவர் தாமதித்தால் யார் யார் காத்துக் கிடப்பார்கள் என்ற கணக்கிலேயே அந்த உலகத்தின் படிநிலை முழுக்க வெளிப்பட்டுவிடுகிறது.

படத்தயாரிப்பில் பணம் பெரும்பாலும் கடன் பணம். கால்ஷீட் ஒன்று வீணானால் வாடகையும் சம்பளமும் போவது ஒருபுறமிருக்க, வட்டியும் ஏறிக்கொண்டே இருக்கும். ரெட்டியார் என்ற தயாரிப்பாளர், வர மறுக்கும் நடிகை ஜயசந்திரிகா, அவளுடைய அம்மா ஆகிய மூவரும் சந்திக்கும் அத்தியாயத்தின் பதற்றம் முழுக்க இந்தக் கணக்கிலிருந்து வருவது. இந்த நாவலில் வாசகர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு அத்தியாயமும் வேறு ஒருவரைத் தொடரும். முன் அத்தியாயத்து ஆள் என்ன ஆனார் என்று நேராகச் சொல்லப்படாது. பல பக்கங்கள் கழித்து, வேறு யாரோ வேறு எதையோ பேசும்போது நடுவில் ஒரு வாக்கியமாக அவர் கதி வந்துபோகும். அந்த வாக்கியத்தைத் தவறவிட்டால் நாவல் துண்டுதுண்டாகத் தெரியும். ஆகவே உரையாடல்களை மேலோட்டமாகப் பார்த்துத் தாண்டக்கூடாது. படித்து முடித்த சில வாரத்துக்குள் இரண்டாவது தடவை படிக்கச் சொல்வேன். இந்த ஒன்பதில் மறுவாசிப்பு அதிகம் தருவது இதுதான்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் புத்தகமானது. இந்தோனேசியாவின் மெடான், மலாயாவின் பினாங்கு, காலம் இரண்டாம் உலகப் போர். 1942 மார்ச்சில் ஜப்பான் படை மெடானுக்குள் நுழைகிறது; வட்டிக்கடையில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்கள் கடைத்தெருவில் நின்று பார்க்கிறார்கள். பாண்டியன் அவர்களில் ஒருவன். பிறகு தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் கடல் கடப்பது, இந்திய தேசிய ராணுவம், ரகசிய வேலைகள், போர் முடிந்தபின் திரும்பிப் போக ஊர் இருக்கிறதா என்ற கேள்வி. மலாய்ச் சொல், டச்சுப் பெயர், செட்டிமார் கடைப் பேச்சு எல்லாம் விளக்கமில்லாமல் வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தேடிக்கொண்டிருந்தால் இருபது பக்கம் தாண்ட மாட்டீர்கள். தேடாதீர்கள். அந்தத் தெருவில் புதிதாக இறங்கியவருக்கும் அப்படித்தானே கேட்டிருக்கும்.

தெரிந்துகொள்ள வேண்டியது வட்டிக்கடையின் அடுக்கு மட்டும். ஊரில் இருக்கும் முதலாளிக்காகக் கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாட்கள். எல்லாருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பொதுவாக மூன்று ஆண்டுக் கணக்குக்குக் கப்பலேறி வருவார்கள். கணக்கு முடித்து ஊர் திரும்பிச் சில காலம் இருந்துவிட்டு மறுபடி வருவார்கள். போர் இந்தச் சுற்றைத் துண்டித்துவிட்டது. கப்பல் இல்லை, கடிதம் இல்லை. ஜப்பானியர் அச்சடித்த நோட்டு மதிப்பிழந்துகொண்டே போக, பழைய கடனை அந்த நோட்டிலேயே கொடுத்துத் தீர்க்க வருபவர்களிடம் கடைக்காரர் வாங்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பாண்டியன் போன்றவர்கள் துப்பாக்கி எடுத்ததன் பின்னணி இது. சிங்காரமே இளம் வயதில் மெடான் போய்க் கடையில் வேலை பார்த்தவர். பிற்பாடு மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்து, இலக்கிய உலகத்தோடு பெரிதாகத் தொடர்பில்லாமல் வாழ்ந்து 1997இல் மறைந்தார். இவர் உயிரோடு இருந்தபோது இந்த நாவலுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்பது எண்ணும்போதெல்லாம் வலிக்கிறது. புயலில் தொங்கான் சிக்கும் பகுதியையும், மதுரைத் தெருக்கள் பாண்டியன் நினைவில் ஓடும் பகுதியையும் உரக்கப் படியுங்கள். வாக்கியத்தின் ஓட்டமே வேறு. பழைய இலக்கிய வரிகளை மடக்கித் திருப்பிக் கேலி பண்ணும் உரையாடல்கள் சிலருக்கு அலுக்கலாம். அவற்றைப் பிறகு வந்து படித்துக்கொள்ளலாம். இவருடைய முதல் நாவலான ‘கடலுக்கு அப்பால்’ இதே உலகத்தை ஒரு கடைக்குள்ளும் ஒரு வீட்டுக்குள்ளும் சுருக்கிக் காட்டுவது. செல்லையா, மரகதம் காதல் கதை. இரண்டும் சேர்ந்த தொகுதி கிடைத்தால் சிறியதை முதலில் படியுங்கள். வட்டிக்கடையின் பழக்கவழக்கங்கள் அதிலேயே பிடிபட்டுவிடும். பெரியது தடங்கல் இல்லாமல் ஓடும்.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994, க்ரியா) தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் கதை. அவள் குடும்பம் சாதி அடுக்கில் அந்தக் குடியிருப்புக்கும் கீழே. கூலி என்று காசு கிடையாது. இரவில் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்குவது, அறுப்பில் களத்துமேட்டில் தானியம் வாங்குவது. பிறப்பு, பூப்பு, சாவு எதற்கும் அவள் வந்தாக வேண்டும். ஊரில் துணி தேய்க்கும் கடை வந்து, காசுக்குத் துணி வெளுப்பது பழக்கமாகிறபோது தானியத்தின் அளவு குறைகிறது. குறைவது கையளவாகத்தான், ஆனால் ஒவ்வொரு களத்திலும். இமையம் அந்த அளவுகளை விடாமல் எழுதுகிறார். ஆரோக்கியத்தின் புலம்பலும் ஒப்பாரியும் பல பக்கங்களுக்கு நீளும். அவசரமாகப் படிப்பவருக்கு அது சுமை. நிறுத்தி நிறுத்திப் படித்தால் நாவலின் உச்சம் அங்கேதான்.

கடைசியாகப் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000). கொங்கு நாட்டில் கவுண்டர் பண்ணையங்களில் வருசக் கூலிக்கு விடப்பட்ட தலித் பிள்ளைகள் ஆடு மேய்க்கிறார்கள். கூளையன், நெடும்பன், வவுறி, செவுடி, மொண்டி. கூலி அப்பன் கைக்குப் போய்விடும். பிள்ளைக்குக் கிடைப்பது பழைய சோறும் அடியும். ஆடு அடுத்தவன் காட்டுக்குள் போனால் குற்றம், ஓர் உருப்படி குறைந்தால் அதைவிடப் பெரிய குற்றம். பயிர்ப் பக்கம் தாவும் வெள்ளாட்டையும் தலை கவிழ்ந்து புல் மேயும் செம்மறியையும் ஒரே சிறுவன் கவனித்துக்கொள்ள வேண்டும். அதற்கு நடுவிலேயே விளையாட்டும் பனம்பழமும் கிணற்றுக் குளியலும் நட்பும். கதை மெதுவாக நகர்கிறது, மேய்ச்சல் நாள் நகர்வதுபோல. முதல் பாதியின் குதூகலத்தை வைத்துச் சிறுவர் நாவல் என்று எண்ணிப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். முடிவு மிகக் கடுமையானது. பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும் முன் நீங்கள் முழுக்கப் படித்திருக்க வேண்டும்.